கேட்காமல் ஆண்ட அரசர்கள்: மட்டாஞ்சேரியிலிருந்து ஐரோப்பாவைப் பார்த்தால்

1663ஆம் ஆண்டு. பிரான்சில் பதினான்காம் லூயி, முதலமைச்சர் என்று எவரையும் வைத்துக்கொள்ளாமல் தாமே நேரடியாக ஆளத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையின் தலையை வெட்டிய இங்கிலாந்துக்கு இரண்டாம் சார்லஸ் அரசராகத் திரும்பி வந்து மூன்று ஆண்டுகள். டென்மார்க்கில் அரசரின் வரம்பற்ற அதிகாரத்தைச் சட்டமாகவே எழுதி வைக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதே 1663இல் கொச்சியில் ஒரு முடிசூட்டு நடந்தது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ரைக்லாஃப் வான் கூன்ஸ், கம்பெனியின் சின்னம் பொறித்த பொன்முடியை வீர கேரள வர்மாவுக்கு வழங்கி அவரை அரியணையில் அமர்த்தினார்.

அந்த முடிக்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. முந்தைய ஆண்டு கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனையில் டச்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் போர்ச்சுகீசியர் பக்கம் நின்ற அரசரும் அவருடைய உறவினர் இருவரும் மாண்டார்கள். முதிய ராணி கங்காதர லட்சுமி சிறைபிடிக்கப்பட்டார். 1663 ஜனவரியில் போர்ச்சுகீசியரின் கோட்டை விழுந்தது. மார்ச்சில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அரியணை வீர கேரள வர்மாவுக்கு, மிளகு முழுவதும் கம்பெனிக்கு.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது முடியைக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான். ஸ்பெயின் அரசருக்கு எதிராக எண்பது ஆண்டுகள் போராடியவர்கள் டச்சுக்காரர்கள். குடிகளைக் காக்காத அரசர் அரசராக இருக்கும் உரிமையை இழக்கிறார் என்று 1581இல் எழுதி அறிவித்தவர்கள். தங்களுக்கு அரசரே வேண்டாமென்று குடியரசு நடத்தியவர்கள். அந்தக் குடியரசின் சாசனத்தால் பிறந்த ஒரு வணிகக் கம்பெனி மட்டாஞ்சேரியில் ஓர் அரசரை உருவாக்கியது.

ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் வரம்பற்ற முடியாட்சி என்றால் பிரான்ஸ், அரசமைப்பு ஆட்சி என்றால் இங்கிலாந்து என்று இரண்டு பெட்டிகளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் நின்று பார்த்தால் அந்தப் பெட்டிகள் போதாமல் போகின்றன. பணத்துக்கும் படைக்கும் அரசர் யாரையாவது கேட்டாக வேண்டுமா, கேட்கப்படுகிறவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டுப் பிழைத்திருக்க முடியுமா என்ற கேள்விதான் இரண்டு ஆட்சிமுறைகளையும் பிரிக்கிறது என்பது என் கருத்து. கொச்சியின் வரலாறு அதற்கு நல்ல சான்று.

முதலில் ஐரோப்பா. மதப் போர்களால் நாடு சிதறிக் கிடந்த காலத்தில், 1576இல், ழான் போதான் இறையாண்மை பிரிக்க முடியாதது, அது ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்று வாதிட்டார். லூயியின் பிரான்ஸ் அந்தக் கோட்பாட்டின் முழு வடிவம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் லூயியாலும் நினைத்தபடி வரி போட முடியவில்லை. பிரபுக்களும் திருச்சபையும் முக்கியமான நேர்வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். சில மாகாணங்களுக்குத் தனிச் சபைகள் இருந்தன. அரச ஆணைகளை நீதிமன்றங்கள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இவர்கள் வாயை மூட அரசர் சலுகைகள் கொடுத்தார், பதவிகளை விற்றார். மொத்த நாட்டின் பிரதிநிதிகளும் கூடும் பேரவையை மட்டும் கூட்டவே இல்லை. 1614இல் கூடிய அந்தச் சபை அடுத்து கூடியது 1789இல். நடுவில் 175 ஆண்டுகள். கருவூலம் காலியான பிறகு வேறு வழியில்லாமல்தான் பதினாறாம் லூயி அதைக் கூட்டினார். அப்புறம் நடந்தது ஊரறிந்தது.

இங்கிலாந்திலும் முதலாம் சார்லஸ் 1629 முதல் பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றம் இல்லாமல் ஆண்டு பார்த்தார். கடற்கரை ஊர்களுக்கு மட்டும் உரிய கப்பல் வரியை நாடு முழுவதும் விதித்தார். ஜான் ஹாம்டன் கட்ட மறுத்து நீதிமன்றம் போனார், தோற்றார். ஸ்காட்லாந்தோடு போர் வந்தது. போருக்குப் பணம் வேண்டும். 1640இல் நாடாளுமன்றத்தைக் கூட்டியே ஆகவேண்டிய நிலை. ஒன்பது ஆண்டுகளில் அரசரின் தலை போனது. 1688இல் அவருடைய மகன் இரண்டாம் ஜேம்ஸ் ஓடினார். டச்சு நாட்டிலிருந்து வந்த வில்லியம் அரியணை ஏறியபோது, நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி இல்லை, அமைதிக் காலத்தில் நிலைப்படை இல்லை என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதித்தது. வாக்குரிமை மிகச் சிலருக்குத்தான். ஏழைகளும் பெண்களும் கத்தோலிக்கர்களும் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனாலும் அதன்பின் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கூடியது. அந்தச் சபை பொறுப்பேற்ற கடனுக்கு மக்கள் நம்பிப் பணம் கொடுத்தார்கள். 1694இல் இங்கிலாந்து வங்கி பிறந்தது. வரம்புக்கு உட்பட்ட அரசாங்கத்துக்கு, வரம்பற்ற பிரெஞ்சு அரசரைவிடக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது.

தமிழ் வாசகருக்குப் பக்கத்திலேயே மூன்றாவது உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 1620 முதல் 1845 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில ஆண்டுகள் போக, தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. 1665இன் அரசச் சட்டம் டென்மார்க் அரசரைக் கடவுளுக்கு மட்டும் பதில் சொல்பவராக்கியது. அங்கே அரசமைப்பு வந்தது 1849இல்; அதற்குள் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டுவிட்டது. 1706இல் லுத்தரன் மதபோதகர் சீகன்பால்கு அங்கே வந்திறங்கியது அரசர் நான்காம் ஃபிரெடரிக்கின் விருப்பத்தால். கடல் கடந்து வந்த அந்த விருப்பத்தைத் தரங்கம்பாடிக் கோட்டையின் ஆளுநர் மதிக்கவில்லை. 1708இல் சீகன்பால்குவைச் சில மாதங்கள் சிறையிலேயே வைத்தார். வரம்பற்ற அதிகாரத்துக்குத் தூரமும் ஒரு வரம்பு.

இனி கொச்சிக்கு வருவோம்.

பெரும்படப்பு ஸ்வரூபம் என்ற கொச்சி அரச வம்சத்துக்கு தாவழிகள் எனப்பட்ட ஐந்து தாய்வழிக் கிளைகள். தாய்வழி வாரிசுரிமையான மருமக்கத்தாய முறைப்படி எல்லாத் தாவழிகளிலும் மூத்த ஆண் அரசராவார். தாவழிகளுக்கிடையே எப்போதும் பூசல். அந்தப் பூசலுக்குள் நுழைந்துதான் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் தங்களுக்கு வேண்டிய அரசரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அரசருக்குக் கீழே நாடுவாழிகள் என்ற வட்டாரத் தலைவர்கள். ஒவ்வொருவரிடமும் சொந்த நாயர் படை. சேந்தமங்கலத்துப் பாலியத்தச்சன் பரம்பரை முதலமைச்சர். பெரிய கோயில்களின் நிலம் சங்கேதம் எனப்பட்டது. நம்பூதிரிகளின் யோகம் என்ற சபை அதை நிர்வகித்தது, அரசரின் ஆள் உள்ளே நுழைய முடியாது. முறையான நிலவரி நெடுங்காலம் கிடையாது. சொந்த நிலத்து வருமானம், சுங்கம், அபராதம், காணிக்கை ஆகியவற்றை வைத்தே அரசர் காலம் தள்ளினார்.

ஆக, பழைய கொச்சி அரசர் வரம்பற்றவர் அல்லர். பதினான்காம் லூயியைவிட அவருக்கு வரம்புகள் அதிகம். ஆனால் அந்த வரம்புகள் யாருக்கு உதவின என்பதையும் பார்க்க வேண்டும். அவை ஜன்மிகள் என்ற நிலவுடைமையாளர்களின் சலுகைகள், நம்பூதிரிகளின் சலுகைகள், படைத்தலைவர்களின் சலுகைகள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட புலையருக்கு அவற்றில் ஒரு நிழலும் இல்லை. கொச்சியில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1854இல்தான். சலுகையால் வரும் கட்டுப்பாட்டையும் உரிமையால் வரும் கட்டுப்பாட்டையும் ஒன்றாக எண்ணிப் பழைய காலத்தைப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தச் சலுகைகளை உடைத்தவர் சக்தன் தம்புரான் என்று பெயர்பெற்ற ராம வர்மா. 1751இல் பிறந்தவர். 1769 முதல் இளவரசராக நிர்வாகத்தை நடத்தி, 1790இல் அரியணை ஏறி, 1805இல் மறைந்தவர். நாடுவாழிகளின் அதிகாரத்தைப் பறித்தார். நாட்டைக் கோவிலகத்தும்வாதுக்கல் என்ற பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் தமக்குப் பதில் சொல்லும் காரியக்காரர் என்ற அதிகாரியை நியமித்தார். திருச்சூர் வடக்குநாதன் கோயிலிலும் பெருவனத்திலும் நம்பூதிரித் தலைவர்களை நீக்கிவிட்டு நிர்வாகத்தை அரசிடம் எடுத்துக்கொண்டார். பிரெஞ்சு அரசர்கள் பிரபுக்களை ஓரங்கட்டி மாகாணங்களுக்குத் தங்கள் அதிகாரிகளை அனுப்பியதற்கு இதைவிட நெருக்கமான இந்திய உதாரணம் தேடினால், அரை நூற்றாண்டு முன்பு திருவிதாங்கூரில் எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களை ஒழித்துவிட்டு, 1750இல் நாட்டையே பத்மநாபருக்குக் காணிக்கையாக்கிய மார்த்தாண்ட வர்மாவைத்தான் சொல்ல வேண்டும்.

சக்தன் தம்புரானின் கை எவ்வளவு நீளம் என்பதை மட்டாஞ்சேரிக்காரர்கள் 1791இல் கண்டார்கள். கோவாவில் போர்ச்சுகீசியரின் மதக் கெடுபிடிக்குத் தப்பி வந்த கொங்கணி வணிகர்கள், அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் செர்லாயி பகுதியில் திருமலை தேவஸ்வத்தைக் கட்டியிருந்தார்கள். வேங்கடாசலபதிக்கு அங்கே பெரும் சொத்து. 1663 உடன்படிக்கையின்படி அவர்கள் டச்சுக் கம்பெனியின் பாதுகாப்பில் இருந்தார்கள். அவர்கள் மீது அரசருக்கு எவ்வளவு அதிகாரம், எவ்வளவு வரி என்பது நெடுநாள் வழக்கு. டிப்பு சுல்தானோடு ஏற்பட்ட போரில் கொச்சியின் கருவூலம் வற்றியிருந்தது. கோயில் பணத்தைக் கேட்டார் அரசர். கோயில் நிர்வாகிகள் மறுத்தார்கள். நிர்வாகிகளில் முக்கியமானவரான தேவரேச கினி கொல்லப்பட்டார். கோயிலும் கொங்கணிகளின் கடைகளும் சூறையாடப்பட்டன. கோட்டையிலிருந்த டச்சுக்காரர்களுக்கும் அரசருக்கும் மோதல் மூண்டது. உயிர் தப்பியவர்கள் பெருமாளின் திருமேனியை எடுத்துக்கொண்டு திருவிதாங்கூரின் ஆலப்புழைக்குப் போனார்கள். அவர்களோடு வணிகமும் போனது.

1685இல் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட்களுக்கு உரிமை தந்த நாந்த் ஆணையை ரத்து செய்தபோது பிரான்சின் புராட்டஸ்டன்ட் நெசவாளர்களும் வணிகர்களும் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் ஓடியதை இதனோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. காரணம் வேறு. அங்கே மதம், இங்கே பணம். ஆனால் இரண்டு இடத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் முறையிடத் தம் நாட்டிலேயே ஒரு சபை இல்லை. கொங்கணிகளுக்கு இருந்த ஒரே கவசம் ஓர் அந்நியக் கம்பெனியின் உடன்படிக்கை. 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்ததும் அந்தக் கம்பெனியே கொச்சியை விட்டுப் போனது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரண்மனை மதிலை ஒட்டியே 1568இல் எழுந்தது பரதேசி யூதர்களின் ஜெபாலயம். போர்ச்சுகீசியரின் கெடுபிடிக்கு அஞ்சிய யூதர்களுக்கு அரசர் தம் வாசலருகே இடம் கொடுத்தார். அவர்களுடைய தலைவருக்கு முதலியார் என்ற பட்டமும் கொச்சி அரசர் தந்ததே. 1662இல் போர்ச்சுகீசியர் அந்த ஜெபாலயத்தைச் சேதப்படுத்தினார்கள். கொச்சி அரசர்கள் ஒருபோதும் அதன்மேல் கை வைக்கவில்லை. ஐரோப்பாவின் பல நகரங்களில் யூதர்களுக்குக் கிடைக்காத நிம்மதி இங்கே கிடைத்தது. இது கொச்சி அரசர்களுக்கு நிலையான பெருமை. ஆனாலும் ஒரே அரண்மனையின் அருகே ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக இருந்தது, இன்னொரு சமூகம் ஒரே நாளில் அகதியானது என்றால், இருவரையும் காத்து வந்தது அரசரின் மனம்தான், சட்டம் அல்ல.

சக்தன் தம்புரானால் இவ்வளவு செய்ய முடிந்தது எப்படி? அவருடைய துணிவும் திறமையும் ஒரு காரணம். மைசூர்ப் படையெடுப்புகளில் பழைய நாடுவாழிகள் நிலைகுலைந்தது இன்னொரு காரணம். என் பார்வையில் பெரிய காரணம் 1791இல் ஆங்கிலக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கை. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் கப்பம். பதிலுக்குக் கம்பெனியின் பாதுகாப்பு. நாயர் படைக்காக நாடுவாழிகளின் தயவை நாட வேண்டிய தேவை அதோடு முடிந்தது. முதலாம் சார்லஸுக்கு இப்படி ஒரு கம்பெனி கிடைத்திருந்தால் 1640இல் அவர் நாடாளுமன்றத்தைக் கூட்டியிருக்கவே மாட்டார்.

1689இல் தன் அரசரின் கையைக் கட்டிப்போட்ட அதே நாடு, நூறு ஆண்டு கழித்துக் கொச்சியில் அரசரின் கையை அவிழ்த்துவிட்டது. அதே 1791இல், வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்தியாவில் எதேச்சாதிகாரம் செய்தார் என்று லண்டன் நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. நாடாளுமன்ற ஆட்சி தன் குடிகளுக்குக் கொடுத்த பாதுகாப்பைக் கப்பல் ஏற்றி அனுப்பவில்லை. கப்பலில் வந்தது பாதுகாப்புக்கான விலைச்சீட்டு மட்டுமே.

அந்த விலை ஏறிக்கொண்டே போனது. 1808 டிசம்பரில் பாலியத்தச்சன், திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயோடு சேர்ந்து ஆங்கிலக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலேயின் மாளிகையைத் தாக்கினார். கிளர்ச்சி அடக்கப்பட்டது. பாலியத்தச்சன் சென்னைக்கு நாடு கடத்தப்பட்டார்; பரம்பரை முதலமைச்சர் பதவி ஒழிந்தது. 1809 உடன்படிக்கையில் கப்பம் ஆண்டுக்கு 2,76,037 ரூபாய் ஆனது. பின்னால் அதைக் குறைத்தார்கள். 1812 முதல் 1818 வரை கர்னல் மன்றோ ஒருவரே ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்தார். அரசருக்கு வரம்பு இப்போது சென்னையிலிருந்து வந்தது, குடிகளிடமிருந்து அல்ல. சாலை, பள்ளி, நீதிமன்றம், நில அளவை என்று அடுத்த நூறு ஆண்டுகளில் திவான்கள் நிறையச் செய்தார்கள். எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கேட்க வேண்டிய நாள் 1925இல் வந்தது. ஏப்ரலில் கொச்சிச் சட்டசபை தொடங்கியது. 45 உறுப்பினர்களில் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்கு. இறுதிச் சொல் மகாராஜாவிடமும் திவானிடமும் இருந்தது. 1935இல் திவானாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். மத்தியச் சட்டசபையின் தலைவராக இருந்து நாடாளுமன்ற நடைமுறையைக் கரைத்துக் குடித்தவர். கொச்சித் துறைமுகத்தை வளர்த்தவர். ஆனால் திருச்சூரில் மின்விநியோகத்தைத் தனியார் கம்பெனிக்கு அவர் அரசாங்கம் கொடுத்தபோது, 1936இல் ஊரே திரண்டு எதிர்த்தது. கடையடைப்பு, ஊர்வலம், கைது. வரலாற்று நூல்களில் சில வரிகளில் முடிந்துபோகும் அந்தப் போராட்டம் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. பொதுப் பணம் எப்படிச் செலவாகலாம் என்று குடிகளைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்பதே அங்கே எழுந்த குரல்.

இரண்டு ஆண்டுகளில், 1938இல், கொச்சி அரசாங்கச் சட்டம் வந்தது. 58 உறுப்பினர் சபை, 38 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சில துறைகள் சபைக்குப் பதில் சொல்லும் ஓர் அமைச்சரிடம், மற்றவை திவானிடம். சுதேச சமஸ்தானங்களில் இப்படி ஓர் இரட்டையாட்சி அதுவே முதல். அம்பாட்டு சிவராம மேனன் முதல் அமைச்சரானார். விரைவிலேயே மறைந்தார், டாக்டர் ஏ.ஆர். மேனன் அந்த இடத்துக்கு வந்தார். செட்டியாரைத் தமிழிசைக்காகவும் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகவும் நினைவில் வைத்திருக்கும் நாம், இந்தச் சட்டத்தை வைத்து அவரை எடைபோட்டதில்லை. எடைபோட வேண்டும். பாதிக் கதவைத் திறந்தவர் அவர். மீதிப் பாதியைத் தம் கையில் வைத்துக்கொண்டவரும் அவரே.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் வாசகர் முன் வைக்க வேண்டும். 1936இல் திருவிதாங்கூர் மகாராஜா ஒரே பிரகடனத்தில் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். சபையில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. தேர்ந்தெடுத்த சபை உள்ள கொச்சியில் அது நடக்க 1948 ஆனது. அதற்கு முன் சேந்தமங்கலத்தில் பாலியத்தச்சன் மாளிகை எதிரேயுள்ள சாலையில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கவே பெரும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது, அதில் ஏ.ஜி. வேலாயுதன் உயிரைக் கொடுத்தார். நல்ல மனமுள்ள வரம்பற்ற அரசர் ஒரு நாளில் செய்வதைச் சபைகள் பத்தாண்டு இழுத்தடிக்கலாம். சொத்துள்ளவர்களின் சபை சொத்துள்ளவர்களின் சபையாகவே இருக்கும் என்பதற்கு 1689க்குப் பிந்தைய இங்கிலாந்தும் சாட்சி. இதற்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான். திருவிதாங்கூர்ப் பிரகடனமும் ஓர் அரசரின் மனத்திலிருந்து மட்டும் பிறக்கவில்லை. வைக்கத்தில் 1924 முதல் நடந்த போராட்டமும், ஈழவர்கள் இந்து மதத்தை விட்டே வெளியேறுவோம் என்று பேசியதும் அதற்குப் பின்னால் இருந்தன. குடிகளின் குரல் சபையில் எடுபடாத இடத்தில் தெருவே சபையானது.

1946இல் கேரள வர்மா மகாராஜா ஏறக்குறைய எல்லாத் துறைகளையும் சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சர்களிடம் ஒப்படைத்தார். பனம்பிள்ளி கோவிந்த மேனன், சி.ஆர். இய்யுண்ணி, சகோதரன் ஐயப்பன், டி.கே. நாயர் அமைச்சரானார்கள். ஒப்படைக்காமல் வைத்துக்கொண்டவை இரண்டு: சட்டம் ஒழுங்கு, நிதி. படையும் பணமும். இங்கிலாந்தில் 1640களில் உள்நாட்டுப் போர் மூண்டதும் இந்த இரண்டுக்காகத்தான். 1947இல் முழுப் பொறுப்பாட்சி அறிவிக்கப்பட்டது. 1948இல் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. இக்கண்ட வாரியர் பிரதமரானார். 1949 ஜூலை 1ஆம் தேதி கொச்சி திருவிதாங்கூரோடு இணைந்தது.

கொச்சியில் அரசமைப்பு ஆட்சி எந்த ஆண்டில் தொடங்கியது என்று கேட்டால் சபை கூடிய 1925ஐ நான் சொல்லமாட்டேன். முதல் அமைச்சர் பதவியேற்ற 1938ஐயும் சொல்லமாட்டேன். நிதித் துறையும் காவல் துறையும் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் கைக்கு வந்த 1947ஐத்தான் சொல்வேன்.